வீட்டு ஃபர்னஸ்: ஒரே பெட்டிக்குள் இரண்டு காற்று

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டொராண்டோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் பெரும்பாலான தனி வீடுகளில் பேஸ்மென்டுக்கு, அதாவது தரைக்கு அடியில் உள்ள தளத்துக்கு, இறங்கினால் ஒரு மூலையில் நெஞ்சளவு உயரத்தில் தகரப் பெட்டி ஒன்று நிற்கும். அதன் தலையிலிருந்து அகலமான தகரக் குழாய்கள் கிளம்பி, கூரையை ஒட்டிக் கிளை கிளையாகப் பிரிந்து போகும். அதுதான் ஃபர்னஸ், வீட்டைச் சூடாக்கும் கருவி. ஜனவரி மாதக் குளிரில் அந்த வீட்டில் ஆட்கள் குடியிருக்க முடிவது அந்தப் பெட்டியால்தான். ஆனால் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போய் அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் அதன் முன் கதவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஊரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை, அதனால் பெரியவர்கள் சொல்லித் தரவும் இதில் எதுவும் இல்லை. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களோ சுவருக்கு அந்தப் பக்கம் அது ராத்திரியெல்லாம் உறுமி அடங்குவதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஃபர்னஸுக்குள் இரண்டு காற்று ஓடுகிறது. ஒன்று, எரிவாயு எரிவதால் உண்டாகும் புகைக்காற்று. மற்றது, வீட்டில் நாம் மூச்சுவிடும் காற்று. நடுவில் ஓர் உலோகச் சுவர். சூடு அந்தச் சுவரைத் தாண்டி வரலாம், புகை வரக் கூடாது. இந்தச் சுவருக்கு வெப்பப் பரிமாற்றி என்று பெயர், டெக்னீஷியன்கள் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். ஃபர்னஸில் உள்ள பாகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு காற்றில் ஒன்றை ஓட்டுவதற்கோ, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கோ வைக்கப்பட்டவை.

பற்றுவது எப்படி?

ஒன்டாரியோ வீடுகளில் அதிகம் இருப்பது இயற்கை எரிவாயு ஃபர்னஸ், அதையே எடுத்துக்கொள்வோம். வீடு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று நாம் குறித்துவைக்கும் சுவர்க் கருவியான தெர்மோஸ்டாட்டை 21 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். வீடு அதற்குக் கீழே இறங்கியதும், தெர்மோஸ்டாட் மெல்லிய ஒயர் வழியாக 24 வோல்ட்டில் ஒரு சைகை அனுப்புகிறது.

ஃபர்னஸ் உடனே நெருப்பைப் பற்றவைத்துவிடாது. முதலில் இண்டியூசர் என்ற சின்ன விசிறி சுழலும். பேஸ்மென்டில் கேட்கும் முதல் 'ம்ம்ம்' சத்தம் அதுதான். எரியறைக்குள் பழைய வாயு ஏதும் தங்கியிருந்தால் அதை வெளியே இழுத்துத் தள்ளுகிறது. புகைப்பாதையில் காற்று சரியாக ஓடினால்தான் பிரஷர் சுவிட்ச் என்ற வட்டமான சின்ன சுவிட்ச் மூடும். அது மூடாவிட்டால் அடுத்த படி கிடையாது. வெளியே புகைக் குழாயின் வாயைப் பனி அடைத்துவிட்டது என்று வையுங்கள், எல்லாம் இந்த இடத்திலேயே நின்றுபோகும். நடு ராத்திரியில் அது தொல்லையாகத் தெரியும். ஆனால் புகை போக வழியில்லாத இடத்தில் நெருப்பு பற்றாமல் இருப்பது உங்களைக் காப்பாற்றத்தான்.

அப்புறம் இக்னைட்டர். விரல் நீளப் பீங்கான் துண்டு மாதிரி இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் ஆரஞ்சு நிறத்தில் பழுத்து 1000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். முன் கதவில் சின்னக் கண்ணாடித் துளை இருந்தால் அதன் வழியாகப் பார்க்கலாம். சில விநாடிகளில் 'டக்' என்று எரிவாயு வால்வு திறக்கும். 'புஸ்' என்று ஒரு பர்னர் பற்றி, பக்கத்தில் உள்ளவையும் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். சுவாலை நீலமாக, உலோகக் குழாய்களுக்குள் நேராகப் பாய வேண்டும். மஞ்சளாக அலைந்தாடினால் எரிவது சரியில்லை, அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும்.

சுவாலைக்குள் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஃபிளேம் சென்சார். நெருப்பு எரியும்போது அதன் வழியாக மிக மிக நுண்ணிய மின்னோட்டம் ஓடும், ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். அந்த ஓட்டம் தெரிந்தால்தான் ஃபர்னஸை நடத்தும் மின்பலகையான கண்ட்ரோல் போர்டு 'நெருப்பு இருக்கிறது' என்று ஏற்றுக்கொள்ளும். தெரியாவிட்டால் சில விநாடிகளில் வால்வை மூடிவிடும். பற்றி அணைந்து, மறுபடி பற்றி அணைந்து, கடைசியில் ஒரேயடியாக ஓய்ந்துவிடும் ஃபர்னஸில் பல சமயம் பிரச்சினை இந்தக் கம்பியின் மேல் படிந்த படலம்தான். கழற்றி, மெல்லத் தேய்த்து, மாட்டினால் ஓடும். இதைத் தெரிந்து வைத்திருந்தால், 'புது ஃபர்னஸே போட வேண்டும்' என்று யாராவது எடுத்த எடுப்பில் சொல்லும்போது 'சென்சாரைச் சுத்தம் செய்து பார்த்தீர்களா?' என்று கேட்க முடியும். கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளையும் படித்துப் பாருங்கள். போர்டில் உள்ள சின்ன விளக்கு எத்தனை தடவை சிமிட்டினால் என்ன கோளாறு என்று அதில் இருக்கும்.

இவ்வளவு நடந்த பிறகும் அறைகளுக்குச் சூடு வந்திருக்காது. பரிமாற்றி காய அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். அதன் பிறகுதான் ப்ளோவர் என்ற பெரிய விசிறி சுழன்று, வீட்டுக் காற்றைப் பரிமாற்றியின் வெளிப்புறம் தழுவிப் போகும்படி தள்ளுகிறது. நெருப்பு அணைந்த பின்னும் அது ஒன்றிரண்டு நிமிடம் ஓடி, மிச்சச் சூட்டையும் அறைகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் நிற்கும். சாதாரண ஃபர்னஸின் நெருப்புக்கு ஒரே அளவுதான் உண்டு. வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து தெர்மோஸ்டாட்டை 28-க்கு ஏற்றுவதால் வீடு சீக்கிரம் சூடாகாது. அதிக நேரம் எரியும், அவ்வளவுதான்.

வீட்டுக் காற்றின் பாதை

தரையில் ஜன்னல்களுக்குக் கீழே உள்ள சின்னத் தட்டிகள் வழியாகச் சூடான காற்று வருகிறது. உள்சுவர்களில் உள்ள அகலமான தட்டிகள் வழியாக ஆறின காற்று ஃபர்னஸுக்குத் திரும்புகிறது. திரும்பும் வழியை அடைத்தால் வரும் வழியும் அடைபட்ட மாதிரிதான். 'ஹால் சூடாகவே மாட்டேன் என்கிறது' என்று சொல்லும் வீட்டில் பல நேரம் இந்தத் திரும்பும் காற்றின் (ரிட்டர்ன்) தட்டியின் மேல் சோஃபா சாய்ந்திருக்கும். பயன்படுத்தாத அறைகளின் தட்டிகளை எல்லாம் மூடிவைப்பதிலும் லாபமில்லை. ப்ளோவர் மூச்சுத் திணறும், மூடிய காற்று குழாய்களின் இடுக்குகள் வழியாகப் பேஸ்மென்டில் கசியும்.

விசிறி இல்லாத காலமும் இருந்தது. நிலக்கரி ஃபர்னஸை பேஸ்மென்டின் நடுவில் வைத்து, சூடான காற்று தானாக மேலே ஏறும் என்று நம்பிக் குழாய் விட்டார்கள். 1919-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மாரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண், இயற்கை எரிவாயுவால் சூடாக்கிய காற்றைக் குழாய்கள் வழியாகத் தனித்தனி அறைகளுக்கு அனுப்பும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக்குள் விறகும் நிலக்கரியும் சுமந்த காலத்தில் அப்படி யோசித்தவர் அவர். அவர் பெயர் பரவலாகத் தெரியாமல் போனது வருத்தம்தான்.

ஆறின காற்று ஃபர்னஸுக்குள் நுழையும் இடத்தில் ஃபில்டர் இருக்கிறது. வீட்டுக்காரர் தன் கையால் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இந்த ஒன்றுதான். ஒரு அங்குலத் தடிமன் ஃபில்டர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான்கு அங்குலம் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். அதன் விளிம்பில் 16x25x1 என்கிற மாதிரி அளவும் ஓர் அம்புக்குறியும் அச்சடித்திருக்கும். அம்பு ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நெருப்பு அதே அளவில் எரிகிறது, ஆனால் சூட்டை எடுத்துப் போகும் காற்று குறைந்துவிட்டது. பரிமாற்றி அளவுக்கு மீறிக் காயும். சூடு அளவு மீறுகிறதா என்று பார்க்கும் லிமிட் சுவிட்ச் அதைக் கண்டு நெருப்பை அணைக்கும், ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். இப்படியே வருடக்கணக்கில் காய்ந்து காய்ந்து ஆறினால் உலோகம் களைத்து விரிசல் விடும். ஆக, ஃபில்டரை அலட்சியம் செய்வதன் விலை கடைசியில் அந்த நடுச் சுவரில் போய் முடிகிறது. ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதைக் குறிப்பது 'மெர்வ்' எண். அந்த எண் அதிகமான ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு அங்குலத் தடிமனில் மெர்வ் 13 போட்டால் சில பழைய ஃபர்னஸ்களில் காற்றோட்டம் குறையும். டெக்னீஷியனைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுவர் உடைந்தால்

வாயு முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நடுச் சுவரில் விரிசல் விட்டாலோ புகை வெளியே போகும் வழி அடைத்தாலோ அது நாம் மூச்சுவிடும் காற்றில் கலந்துவிடலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஆரம்பிக்கும். சளிக்காய்ச்சல் வரப்போகிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருந்து, காய்ச்சலும் இல்லாமல், வெளியே போனால் தெளிவாகிவிடுகிறது என்றால் அந்த வீட்டில் ஒரு நிமிடமும் இருக்காதீர்கள்.

2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரும் இதனால் இறந்துபோனார்கள். அங்கே காரணம் எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைத்திருந்தது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013-ல் ஒன்டாரியோவில் சட்டம் வந்தது. வாயு, எண்ணெய், விறகு என்று எதையாவது எரிக்கும் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். ஃபர்னஸ் அறையை ஒட்டி வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். நீங்கள் கேட்பது சலுகையில்லை, சட்டத்தில் உள்ளது.

புகையோடு போகும் சூடு

ஃபர்னஸ் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது ஏ.எஃப்.யூ.இ. என்ற எண். ஒரு வருடத்தில் எரிக்கும் எரிபொருளில் நூற்றுக்கு எத்தனை பங்கு வீட்டுக்குச் சூடாக வந்து சேர்கிறது என்பதுதான் அது. 80 என்றால் நூறு டாலர் வாயுவில் இருபது டாலர் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது.

பழைய ஃபர்னஸ்களில் பைலட் என்ற சின்னச் சுடர் இருபத்து நான்கு மணி நேரமும் எரியும், செங்கல் சிம்னி வழியாகப் பெரும்பங்கு சூடு போய்விடும். அடுத்து வந்தவை 78 முதல் 82 சதவீதம் வரை. இப்போது விற்பவை 90-க்கு மேல், சில 98-ஐத் தொடுகின்றன. கனடாவில் 2019 ஜூலை முதல் புதிய வீட்டு எரிவாயு ஃபர்னஸ் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி.

80-லிருந்து 95-க்கு எப்படித் தாவினார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால், அதே சூட்டில் உள்ள தண்ணீர் தெறித்ததைவிட மோசமாகச் சுட்டுவிடும். ஆவி தண்ணீராக மாறும்போது தன்னிடம் பதுங்கியிருக்கும் சூட்டையும் தோலில் இறக்கிவிட்டுப் போகிறது. பழைய ஃபர்னஸ் அந்த ஆவியை அப்படியே சிம்னியில் விட்டது. புதியதில் துருப்பிடிக்காத எஃகில் இரண்டாவது பரிமாற்றி ஒன்று இருக்கிறது. புகை அதற்குள் ஏறக்குறைய 55 டிகிரிக்கும் கீழே ஆறும், ஆவி தண்ணீராகும், பதுங்கியிருந்த சூடு வீட்டுக்கு வந்துவிடும். வாயுவின் மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு இந்த ஆவியில்தான் இருந்தது.

புகை இவ்வளவு ஆறிவிட்டால் சிம்னியில் தானாக ஏறாது. அதனால்தான் புது ஃபர்னஸுக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவர் வழியாக வெளியே வருகின்றன. பெரும்பாலும் இரண்டு இருக்கும்: ஒன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்க, மற்றது புகையை வெளியே விட. பனிப்புயல் அடித்த மறுநாள் வாசலைத் தோண்டும்போது இந்தக் குழாய் வாய்களையும் சுத்தம் செய்துவிடுங்கள். உண்டாகும் தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, மெல்லிய குழாய் வழியாகத் தரை வடிகாலுக்குப் போகும். அந்தக் குழாய் அடைத்தாலோ உறைந்தாலோ ஃபர்னஸ் நின்றுவிடும்.

எந்த எரிபொருள்?

எரிவாயுக் குழாய் வராத கிராமப்புறங்களில் புரொபேன். தொட்டி வெளியே நிற்கும், மற்றபடி வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு போன்ற அட்லாண்டிக் மாகாணங்களில் எண்ணெய் ஃபர்னஸ் இன்னும் நிறைய உண்டு. எண்ணெயைத் துளித்துளியாகத் தெளித்து எரிப்பதால் கரி படியும், வருடாவருடம் சுத்தம் செய்யாமல் முடியாது. தொட்டி கசிந்தால் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் செலவு பயங்கரம்.

மின்சார ஃபர்னஸில் நெருப்பே இல்லை. காற்றுப் பாதையில் நேராகவே சூட்டுக் கம்பிகள் இருக்கின்றன. இரண்டாவது காற்று இல்லாததால் சிம்னி வேண்டாம், அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு பயமும் இல்லை. நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் கியூபெக்கில் மின்சூடுதான் வழக்கம். ஒன்டாரியோவில் பில் எகிறும். நீங்களே கணக்குப் போடலாம்: ஒரு கன மீட்டர் வாயு, நல்ல ஃபர்னஸில், சுமார் 10 கிலோவாட் மணி, அதாவது 10 யூனிட், சூடு தரும். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஒரு கன மீட்டர் விலையைப் பத்தால் வகுத்து, உங்கள் மின்சார யூனிட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹீட் பம்ப் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. அது சூட்டை உண்டாக்குவதில்லை. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றில் உள்ள சூட்டை இழுத்து உள்ளே விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். குளிர் ஏற ஏற அந்த விகிதம் குறையும். அதனால் மிதமான நாட்களில் ஹீட் பம்ப், கடுங்குளிரில் எரிவாயு ஃபர்னஸ் என்று இரண்டையும் சேர்த்துப் போடும் ஹைபிரிட் முறை இருக்கிறது. ஏசி பழசாகி மாற்றப்போகிறீர்கள் என்றால், அதற்குப் பதில் ஹீட் பம்ப் போட என்ன ஆகும் என்று கட்டாயம் விலை கேளுங்கள் என்பேன்.

பழைய டொராண்டோ வீடுகள் சிலவற்றில் ஜன்னலடியில் இரும்பு ரேடியேட்டர் இருக்கும். அங்கே பேஸ்மென்டில் இருப்பது பாய்லர். அது காற்றைத் தொடுவதில்லை, தண்ணீரைச் சூடாக்கிக் குழாயில் சுற்றவிடுகிறது.

அளவு, நிலை, கையெழுத்து

சாதாரண ஃபர்னஸ் எரிந்தால் முழு வீச்சில் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். இரண்டு நிலை ஃபர்னஸ் பெரும்பாலான நாட்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெருப்பில் நிதானமாக, நீண்ட நேரம் ஓடும். சத்தம் குறைவு, அறைக்கு அறை சூட்டு வித்தியாசமும் குறைவு. தேவைக்கேற்ப நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டிங் வகைக்கு விலையும் பழுதுச் செலவும் கூடும். என் கருத்தில் சராசரி வீட்டுக்கு இரண்டு நிலை போதும்.

நிலையைவிட அளவு முக்கியம். சூட்டை அளக்கும் அலகான பி.டி.யூ. கணக்கில் 40,000, 60,000, 80,000 என்று விற்பார்கள். பெரிதாக வாங்கினால் நல்லது என்று தோன்றும். பெரிய ஃபர்னஸ் தெர்மோஸ்டாட் உள்ள இடத்தை மளமளவென்று சூடாக்கிவிட்டு அணைந்துவிடும், மாடி அறை குளிர்ந்தே கிடக்கும். அடிக்கடி பற்றி அணைவதால் பாகங்களும் தேயும். 'ஏற்கெனவே எவ்வளவு இருந்ததோ அதையே போடலாம்' என்பவரிடம், சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனடாவின் தரநிலை முறைப்படி வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். ஜன்னல், பரணில் சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்பு எல்லாம் மாற்றிய வீட்டுக்குப் பழைய அளவு பெரும்பாலும் அதிகம்.

அப்புறம், கதவைத் தட்டி 'உங்கள் ஃபர்னஸைப் பரிசோதிக்க வந்திருக்கிறோம்' என்பவர்கள். அவர்கள் பேச்சில் மயங்கிப் பல வருட ஃபர்னஸ் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, வீட்டை விற்கும்போது பத்திரத்தில் தன் பெயருக்கு எதிராக ஒரு பதிவு இருப்பதைக் கண்டு அதிர்ந்தவர்கள் நிறைய. ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல் நாம் அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து ஃபர்னஸ் விற்பதே தடை. இத்தகைய கருவிகளுக்காகப் பத்திரத்தில் அப்படிப் பதிவு செய்வதையும் 2024-ல் தடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் அவ்வளவாக வராத பெரியவர்கள் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள். வேலைக்கு வருபவரிடம் எரிவாயு டெக்னீஷியன் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், நிறுவனம் ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.-வில் பதிவு செய்ததா என்றும் பாருங்கள்.

மின்சாரம் போனால்

வாயுவில் ஓடினாலும் இண்டியூசர், போர்டு, ப்ளோவர் எல்லாம் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. 2013 டிசம்பர் பனிமழையில் டொராண்டோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, வாயு வந்துகொண்டிருந்த வீடுகளும் குளிர்ந்துபோயின. அப்படி நேர்ந்தால் எல்லோரும் ஒரே அறையில் கூடி கதவை மூடிக்கொள்ளுங்கள். நீண்டு போகும் என்று தெரிந்தால் தண்ணீர் மெயினை மூடி, குழாய்களைத் திறந்து வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். புகையை வெளியே கொண்டுபோகும் பாதையும் நடுச் சுவரும் அவற்றுக்கு இல்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது வாயுக் கசிவு. விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், தள்ளி நின்று 911 என்ற அவசர உதவி எண்ணுக்கோ வாயு நிறுவனத்தின் அவசர எண்ணுக்கோ போன் செய்யுங்கள்.